கொப்புளத்துக்கு வந்தவரின் ரத்தத்தில் புழுவின் தடம்: கோபிப் பக்கத்து நிகழ்வு ஆய்வு

ஐப்பசி அடைமழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில் அந்த அம்மா வந்தார். வயது 64. கோபிச்செட்டிபாளையத்துக்கு மேற்கே, தடப்பள்ளி வாய்க்கால் பாயும் ஊர். கொடிவேரியிலிருந்து வரும் அந்தத் தண்ணீரில் நெல்லும் மஞ்சளும் வாழையும் மாறி மாறி விளைகின்றன. சொந்த நிலம் கொஞ்சம்தான். நாற்பது வருடத்துக்கும் மேலாக அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் நடவு, களையெடுப்பு, மஞ்சள் வெட்டு என்று கூலிக்குப் போய்த்தான் குடும்பத்தை நிமிர்த்தியிருக்கிறார். அவரிடமும் மகனிடமும் கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன். ஆள் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தோல் மருத்துவர் ஒருவர் அனுப்பியிருந்தார். சீட்டில் ஒரே விஷயம்: புல்லஸ் பெம்பிகாய்டு உறுதி, பிரெட்னிசலோன் (எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டு) தொடங்க வேண்டும், பொது மருத்துவரின் ஒப்புதல் தேவை.

பெம்பிகாய்டு என்பது வயதானவர்களுக்கு வரும் கொப்புள நோய். தோலின் இரண்டு அடுக்குகளை ஒட்டவைக்கும் புரதங்களை உடம்பின் எதிர்ப்பாற்றலே தாக்குவதால், கடுமையான அரிப்பும் தண்ணீர் கோத்த கொப்புளங்களும் வரும். அந்த அம்மாவுக்கு நான்கு மாதமாக முன்கையிலும் வயிற்றிலும் தொடையிலும் கொப்புளங்கள். உடைந்த இடமெல்லாம் புண். படுத்தால் சேலை ஒட்டிக்கொள்கிறது. சீக்கிரம் மருந்து தொடங்க வேண்டிய நிலைதான்.

இப்படி ஸ்டீராய்டுக்கு முன் ஒப்புதல் கேட்டு வருபவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், நெஞ்சு எக்ஸ்ரே, காசநோய், மஞ்சள் காமாலை பி வைரஸ் இவற்றைப் பார்ப்போம். இவருக்கும் பார்த்தோம். சர்க்கரை கொஞ்சம் கூடுதல், ஹீமோகுளோபின் 10.1, மற்றதெல்லாம் சரி. வெள்ளை அணுக்கள் 11,200. அதில் ஈசினோஃபில், அதாவது ஒவ்வாமையிலும் புழு ஏறினாலும் கூடும் வகை, 22 சதவீதம். அதாவது ஒரு மைக்ரோ லிட்டருக்கு 2,464; 500-க்குள் இருக்க வேண்டியது.

இதற்குப் பதில் கையிலேயே இருந்தது. பெம்பிகாய்டு நோயே ஈசினோஃபிலைக் கூட்டும். பாதிப்பேருக்காவது கூடும் என்று பாடத்திலேயே படித்தவர்கள் நாங்கள். நானும் அதோடு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன். தடுத்தது அவர் மடியில் இருந்த மஞ்சப்பை.

அந்தப் பைக்குள் பழைய சீட்டு எல்லாவற்றையும் மடித்து வைத்திருந்தார். ஆறு வருடத்துக்கு முன் கண்புரை ஆபரேஷனுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனை, மடிப்பில் கிழிந்து, ஒட்டுத்தாள் போட்டு ஒட்டியது. அதில் ஈசினோஃபில் 17 சதவீதம். அதைக் கணக்குப் போட்டால் 1,598. இன்னொரு தாள் நான்கு வருடத்துக்கு முந்தியது. மூச்சிளைப்பு வந்தபோது எடுத்தது. அதில் 19 சதவீதம். கொப்புளம் வந்தது நான்கு மாதத்துக்கு முன்தான். ஆறு வருடத்துக்கு முந்திய எண்ணை அந்தக் கொப்புளத்தின் தலையில் கட்ட முடியாது.

அப்புறம்தான் உட்கார வைத்து நிதானமாகக் கேட்டேன். இந்தக் கொப்புளத்துக்கு முன்னால் அரிப்பு, தடிப்பு ஏதாவது வந்ததுண்டா என்று.

"அது காணாக்கடிங்க அம்மிணி. கண்ணாலம் ஆன காலத்துல இருந்தே வருதுங்க. வாசல்ல ஒருத்தர் மந்திரிப்பாருங்க, போயிரும்."

"எப்படி இருக்குமுங்கம்மா?"

"தொடையில சாட்டையில வீசுன மாரி ஒரு கோடு. பாத்துட்டே இருக்கையில நீண்டுட்டு ஓடும். சுருக்குனு அரிக்கும். பொழுதெறங்கறதுக்குள்ள காணாமப் போயிருமுங்க. ரெண்டு மாசம் கழிச்சு மறுக்காவும் வரும்."

இதைச் சொல்லும்போது அவர் ஆள்காட்டி விரலால் இடுப்பிலிருந்து தொடைப் பக்கமாக ஒரு கோடு இழுத்துக் காட்டினார். விரல் போன வேகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சாதாரணக் காணாக்கடி வட்ட வட்டமாகத் தடித்து, இருந்த இடத்திலேயே அமுங்கும். கோடாக ஓடாது. தோலுக்கடியில் ஒரு மணி நேரத்தில் சில சென்டிமீட்டர் நகர்ந்து போகும் கோடு என்றால் எங்கள் படிப்பில் அதற்குத் தனிப் பெயரே உண்டு: லார்வா கரன்ஸ், ஓடும் புழுக்குஞ்சு. அதை உண்டாக்குவது ஸ்ட்ராஞ்சிலாய்டிஸ் ஸ்டெர்கொராலிஸ் என்ற குடற்புழு.

அந்தப் பெயர் மனதில் வந்ததும் எனக்கு உள்ளங்கை வேர்த்தது. காரணம் 2021.

கொரோனாவின் இரண்டாம் அலை. ஒரு மருத்துவமனையில் வார்டு முழுக்க ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்த நேரம். சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து வாழைத்தார் சுமக்கும் தொழிலாளி ஒருவர், வயது 51, என் பொறுப்பில் இருந்தார். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை எழுதியது நான்தான். அந்த நோய்க்கு அது சரியான மருந்து. மூச்சு தேறி வீட்டுக்குப் போனார். கொரோனாவுக்கென்று ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தைப் பலருக்கும் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் கைக்குப் போன மாத்திரைகளில் அது இல்லை. பதினெட்டாம் நாள் வயிறு ஊதி, வாந்தியும் காய்ச்சலுமாகத் திரும்பி வந்தார். ரத்தத்தில் ஈ.கோலை கிருமி. குடலில் இருக்க வேண்டிய கிருமி ரத்தத்துக்குள் எப்படி வந்தது என்று தேடிக்கொண்டிருந்தோம். மறுநாள் ராத்திரி நுண்ணுயிரியல் ஆய்வகத்திலிருந்து, "மேடம், கீழ வந்து நீங்களே பாருங்க" என்று கூப்பிட்டார்கள்.

சளியை ஒரு கண்ணாடித் துண்டில் வைத்திருந்தார்கள். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தால், ஒரே பார்வை வட்டத்தில் நான்கு புழுக்குஞ்சுகள், பாம்பு போல் நெளிந்துகொண்டிருந்தன. அன்றைக்கு அவருடைய ஈசினோஃபில் பூஜ்யம்; ஸ்டீராய்டு அதை அமுக்கிவிடும். மூக்குக் குழாய் வழியாக ஐவர்மெக்டின் கொடுத்தோம். ஓடாத குடலில் அது எவ்வளவு ஏறியிருக்கும்? நான்காம் நாள் போய்விட்டார். அன்று ராத்திரியே இந்தப் புழுவுக்கான ஆன்டிபாடி சோதனைக்கும் ரத்தம் அனுப்பியிருந்தோம். முடிவு அவர் இறந்து மூன்று நாள் கழித்து வந்தது. நெகட்டிவ்.

நுரையீரல் நிறையப் புழு இருந்தவருக்கு ஆன்டிபாடி நெகட்டிவ். இந்த அம்மாவுக்கோ, இனி சொல்லப்போவது போல, ஒரு புழுவைக்கூட யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஆன்டிபாடி பலமான பாசிட்டிவ். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இந்த ஆய்வை எழுத உட்கார்ந்தேன்.

இந்தப் புழு மற்றவற்றைப் போல் இல்லை

ஈரமான, கதகதப்பான மண்ணில் இதன் குஞ்சு காத்திருக்கும். வெறுங்கால் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போகும். ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழலில் ஏறி, விழுங்கப்பட்டு, சிறுகுடலின் மேற்பகுதியில் குடியேறும். அங்கே இருப்பது பெண்புழு மட்டும்தான். இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் நீளம். ஆண் துணை இல்லாமலே முட்டையிடும். கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு வெளியே போய் மண்ணில் பொரிக்கும். இதன் முட்டையோ குடலுக்குள்ளேயே பொரிந்துவிடுகிறது. அதனால் மலத்தில் முட்டை கிடைக்காது. குஞ்சுதான், அதுவும் கொஞ்சமாக, ஒரு நாள் வரும், மூன்று நாள் வராது.

இதைவிடப் பெரிய வித்தியாசம், சில குஞ்சுகள் வெளியே போகாமல் குடற்சுவரையோ ஆசனவாய்ப் பக்கத்துத் தோலையோ துளைத்து மறுபடியும் உள்ளே ஏறிக்கொள்வது. அந்த அம்மாவின் தொடையில் ஓடிய கோடு அதுதான். கால் மறுபடி மண்ணில் படவே தேவையில்லை. ஒருமுறை நுழைந்தது சாகும்வரை தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு இருக்கும். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதையில் வேலை வாங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கைதிகளை லிவர்பூல் மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் கழித்துச் சோதித்தபோது, அன்று ஏறிய இந்தப் புழு அவர்கள் உடம்பில் இன்னும் இருந்தது. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அந்த ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவும் சேர்ந்தே வரும்.

உடம்பு திடமாக இருக்கும்வரை எதிர்ப்பாற்றல் இந்தப் புழுவை எண்ணிக்கையில் அடக்கி வைக்கிறது. அரிப்பு, அவ்வப்போது வயிற்றெரிச்சல், இளைப்பு, அவ்வளவுதான். ஸ்டீராய்டு போட்டால் அந்தக் கட்டு அவிழ்கிறது. குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் பெருகிக் குடலைத் துளைத்து எல்லா உறுப்புக்கும் போகும். போகும்போது குடல் கிருமிகளையும் உடம்பில் ஒட்டிக்கொண்டு போகும். அப்படித்தான் ஈ.கோலை அந்த வாழைத்தார்க்காரரின் ரத்தத்துக்கு வந்தது. அந்த நிலைக்குப் போனபின் மருந்து கொடுத்தும் பலரைக் காப்பாற்ற முடிவதில்லை.

ஆக, அந்த அம்மாவுக்கு பிரெட்னிசலோன் மாத்திரையை எழுதுவதற்கு முன்னால் விடை தெரிந்தாக வேண்டும்.

மலத்தில் கிடைக்கவில்லை

மூன்று வெவ்வேறு நாளில் மலம் பார்த்தோம். மூன்றிலும் "முட்டை, சிஸ்ட் இல்லை" என்று வந்தது. ஒருமுறை மட்டும் பார்த்தால் பாதிக்கு மேல் தவறிவிடும் சோதனை இது. மூன்று முறையும் போதும் என்று சொல்ல முடியாது. இதைவிட நல்லது அகார் தட்டு வளர்ப்பு. புது மலத்தைத் தட்டில் வைத்தால் குஞ்சு ஊர்ந்துபோகும். போகும் வழியெல்லாம் கிருமிகளைச் சிந்திக்கொண்டே போவதால், இரண்டு மூன்று நாளில் அதன் தடம் கோலம் போட்ட மாதிரி தட்டில் தெரியும். அதற்கும் ஒரு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினோம். வழியில் மாதிரி எடுக்கும் இடத்தில் இருந்த பையன் கெட்டுப்போகக் கூடாதென்று நல்லெண்ணத்தில் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டான். குளிரில் குஞ்சு செத்துவிடும். தட்டில் ஒன்றும் ஊரவில்லை. அந்த நெகட்டிவுக்கு அர்த்தமே இல்லை. மறுபடி அனுப்ப அந்த அம்மாவின் தோல் காத்திருக்கவில்லை.

ரத்தத்தைக் கேட்டோம்

ஆன்டிபாடி என்ற சொல் கொரோனா காலத்தில் எல்லார் வாயிலும் புழங்கிவிட்டது. இங்கே நாம் தேடுவது ஐஜிஜி என்ற வகை. உடம்பு இந்தப் புழுவோடு வாரக்கணக்கில் பழகியபின் உண்டாக்குவது. சோதனையின் பெயர் எலைசா. கையகலத் தட்டில் 96 சிறு குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் புழுவின் புரதம் பூசப்பட்டிருக்கும். நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை, விட்டுக் கழுவினால், அந்தப் புரதத்தை அடையாளம் தெரிந்த ஆன்டிபாடி மட்டும் ஒட்டி நிற்கும். அதன்மேல் நொதி கட்டிய இன்னொரு ஆன்டிபாடியை விட்டு, சாயத்தை விட்டால் குழி நீலமாகும். அமிலம் விட்டு நிறுத்தினால் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு ஆன்டிபாடி. அதைக் கருவி எண்ணாகப் படிக்கும்.

இந்தச் சோதனையின் பலமும் பலவீனமும் அந்தக் குழியின் அடியில் இருக்கும் புரதத்தைப் பொறுத்தது. முழுப் புழுக்குஞ்சையும் அரைத்து எடுத்த சாறு என்றால், அதில் மற்ற புழுக்களுக்கும் பொதுவான புரதங்கள் நிறைய இருக்கும். யானைக்கால் புழு, கொக்கிப்புழு, உருண்டைப்புழு ஏறியவரின் ரத்தமும் அங்கே ஒட்டிக்கொள்ளும். என்.ஐ.ஈ. என்ற ஒரே புரதத்தை மட்டும் செயற்கையாகத் தயாரித்துப் பூசினால் இந்தக் குழப்பம் வெகுவாகக் குறையும். அதனால் சோதனைக்கு எழுதும்போதே ஆய்வகத்தில் எந்தக் கிட் என்று கேட்பது என் பழக்கம். பல இடங்களில் போன் எடுப்பவருக்குத் தெரியாது. தெரிந்தவரிடம் கொடுக்கச் சொல்லிக் காத்திருப்பேன்.

எங்கள் ஊரில் இது செய்வதில்லை. சீரத்தைப் பிரித்து வெளியூருக்கு அனுப்பினோம். ஐந்தாம் நாள் முடிவு: 3.8. அந்தக் கிட்டில் 1.1-க்கு மேல் என்றால் பாசிட்டிவ்.

இந்த இடத்தில்தான் மஞ்சப்பையின் மூன்றாவது தாள் குறுக்கே வந்தது. நான்கு வருடத்துக்கு முன் இளைப்புக்குப் பார்த்தபோது ஃபைலேரியா, அதாவது யானைக்கால் புழுவுக்கான ஆன்டிபாடி கார்டு ஒன்று போட்டிருந்தார்கள். பாசிட்டிவ். ஈசினோஃபிலும் கூட, இளைப்பும் இருக்க, யானைக்கால் புழுவால் வரும் நுரையீரல் ஒவ்வாமை என்று முடிவு செய்து டி.ஈ.சி. என்ற யானைக்கால் மாத்திரையை 21 நாள் கொடுத்திருந்தார்கள். கையில் இருந்ததை வைத்துப் பார்த்தால் நியாயமான முடிவுதான். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நோய்க்கு டி.ஈ.சி. கொடுத்தால் சில நாளிலேயே மூச்சு தெளியும், ஈசினோஃபில் மளமளவென்று இறங்கும். இவருக்கு இரண்டும் நடக்கவில்லை.

ஆக இரண்டு ஆன்டிபாடியும் பாசிட்டிவ். எது நிஜம், எது எதிரொலி? ஃபைலேரியாவுக்கு ஆன்டிஜென் சோதனை போட்டுப் பார்த்தேன். ஆன்டிபாடி சோதனை உடம்பின் பதிலைத் தேடுகிறது. ஆன்டிஜென் சோதனை புழு கசியவிடும் பொருளையே தேடுகிறது, அதனால் பெரும்பாலும் உயிரோடு புழு இருந்தால்தான் வரும். நெகட்டிவ். அந்த நுரையீரல் ஒவ்வாமையில் ஆன்டிஜென் வராமலும் போகலாம் என்பதால் இதை மட்டும் நம்பவில்லை. இவர் பிறந்தது அந்தியூர்ப் பக்கம், வாக்கப்பட்டது கோபிப் பக்கம். கும்பகோணம், கடலூர் என்று யானைக்கால் பழகிய ஊர் எதிலும் தங்கியதில்லை. டி.ஈ.சி. வேலை செய்யவில்லை. தொடையில் கோடு ஓடுகிறது. எல்லாம் ஒரே பக்கம்தான் சாய்ந்தன.

எண் ஒன்று, அர்த்தம் வேறு

3.8 என்ற எண்ணை வைத்து மட்டும் நான் மருந்து கொடுக்கவில்லை என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஆன்டிபாடி சோதனைகளில் ஏமாறும் இடமே இதுதான்.

நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 90 பேரைச் சரியாகப் பிடிக்கும், நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு 90 பேரைச் சரியாக விட்டுவிடும் ஒரு சோதனை என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும், செருப்பில்லாமல் மண்ணை மிதிக்காத ஆயிரம் பேருக்கு அதைப் போடுகிறோம். அவர்களில் 10 பேருக்குத்தான் புழு இருக்கிறது என்றால், 9 பேரைப் பிடிக்கும். ஆனால் புழு இல்லாத 990 பேரில் 99 பேருக்கும் பாசிட்டிவ் என்று வரும். பாசிட்டிவ் வந்த 108 பேரில் நிஜமாகப் புழு உள்ளவர் வெறும் 9 பேர்.

அதே சோதனையை இந்த அம்மா மாதிரி ஆயிரம் பேருக்குப் போடுவோம்: வாய்க்கால் ஈரத்தில் வெறுங்காலோடு ஆயுசு முழுக்க வேலை, வருடக்கணக்கில் ஈசினோஃபில் கூடுதல், தோலில் ஓடும் கோடு. இவர்களில் 600 பேருக்குப் புழு இருக்கும் என்று வைத்தால், 540 பேரைப் பிடிக்கும். புழு இல்லாத 400 பேரில் 40 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வரும். பாசிட்டிவ் வந்த 580 பேரில் 540 பேருக்கு நிஜம். கிட் அதே, எண் அதே. முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 8, இரண்டாவதில் நூற்றுக்கு 93.

அதனால்தான் "எல்லாப் புழுவுக்கும் சேர்த்து ஒரே பேக்கேஜா எடுத்துருங்க டாக்டர்" என்று கேட்பவர்களிடம் மாட்டேன் என்கிறேன். சாதாரண உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் ஆன்டிபாடி பார்ப்பதில் பயனே இல்லை. அங்கே மலம்தான் சோதனை. வலிப்போடு வரும் பிள்ளைக்கு மூளையில் நாடாப்புழுக் கட்டி ஒன்றே ஒன்று இருந்தால், ஆன்டிபாடி பல நேரம் நெகட்டிவாகவே வரும், ஸ்கேன்தான் பேசும். காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டில் செம்மறி மேய்ப்பவர்களின் ஈரலில் நீர்க்கட்டி தெரிந்து, நாய்வழி வரும் ஹைடாடிட் கட்டியோ என்று சந்தேகப்பட்டால், அங்கேயும் உடையாத கட்டி ஆன்டிபாடியை எழுப்பாமல் சும்மா கிடக்கலாம். ஒவ்வொரு புழுவுக்கும் இந்தச் சோதனை ஒவ்வொரு மாதிரி. ஸ்ட்ராஞ்சிலாய்டிஸில் மட்டும், எதிர்ப்பாற்றல் திடமாக இருப்பவரிடம், மலத்தைவிட ரத்தம் நல்ல சாட்சி. எதிர்ப்பாற்றல் விழுந்தபின் அதே சாட்சி வாய் மூடிக்கொள்ளலாம், 2021-இல் எனக்கு நடந்த மாதிரி. ஸ்டீராய்டு போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

கொடுத்த மருந்தும் நடந்ததும்

தோல் மருத்துவரோடு போனில் பேசினேன். பழுத்த அனுபவம் உள்ளவர்; உடனே புரிந்துகொண்டார். பிரெட்னிசலோன் மாத்திரையை மூன்று வாரம் தள்ளிவைத்து, அதுவரை க்ளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு களிம்பும் டாக்சிசைக்ளின் மாத்திரையும் வைத்துச் சமாளிப்போம் என்றார். பெம்பிகாய்டுக்கு அது முறையான மாற்று வழிதான்.

முடிவு வந்த அன்றே ஐவர்மெக்டின். எடை 54 கிலோ. கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் கணக்கில் 10.8 மி.கி. 12 மி.கி. மாத்திரை ஒன்று, வெறும் வயிற்றில், அடுத்தடுத்து இரண்டு நாள். இரண்டு வாரம் கழித்து மறுபடி அதே மாதிரி. சிக்கல் இல்லாத நோய்க்கு ஒரே வேளை மருந்து போதும் என்று 2019-இல் வந்த பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது, எனக்கும் தெரியும். ஆனால் ஸ்டீராய்டு தொடங்கப் போகிறவரிடம் கையைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

"நான் வருசா வருசம் பூச்சி மாத்திரை போட்டுக்குவேனுங்களே அம்மிணி, அப்பறம் எப்படிங்க இது இருக்கும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கடையில் வாங்கும் பூச்சி மாத்திரை அல்பெண்டசோல். ஒரு வேளை போட்டால் உருண்டைப்புழுவுக்குப் போதும்; இந்தப் புழுவுக்குப் போதாது. பள்ளியில் குடற்புழு நீக்க நாளில் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் அதுதான். 2024-இல் உலக சுகாதார நிறுவனம், பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 பேருக்கோ அதற்கு மேலோ இந்தப் புழு உள்ள இடங்களில் வருடம் ஒருமுறை ஐவர்மெக்டின் கொடுக்கலாம் என்று முதன்முறையாகச் சொன்னது. நம் வாய்க்கால் பாசன ஊர்களில் அந்தக் கணக்கை எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்றும் கேட்டார். மாட்டு எருவை வெறுங்கையால் அள்ளிப் போட்டதில் வந்ததா என்று. கட்டுத்தரையே வாழ்க்கையாக இருந்தவருக்கு அந்தப் பயம் வந்தது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இல்லை என்றேன். இது மனித மலம் கலந்த மண்ணில் இருந்து வருவது, நாய்க்கும் உண்டு. மாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. முன்பெல்லாம் வாய்க்கால் மேட்டில்தான் ஊரே வெளிக்குப் போகும் என்று அவரே சொன்னார். இப்போது வீட்டில் கழிப்பறை இருக்கிறது. உடம்பில் இருந்தது அந்தக் காலத்தில் ஏறியதாகவே இருக்கலாம்.

இரண்டாம் சுற்று மருந்துக்கு வந்தபோது ஈசினோஃபில் 900-க்கு இறங்கியிருந்தது. களிம்பும் தோல் வழியாகக் கொஞ்சம் உள்ளே போகும், அதன் பங்கும் இதில் இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு வாரத்தில் அவர் சொன்ன ஒன்றை நான் அந்த எண்ணைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்டேன்: கோடு ஓடவில்லை. அதற்குப் பிறகும் இன்றுவரை ஓடவில்லை.

கொப்புளம் முழுதாக அடங்காததால் 23-ஆம் நாள் பிரெட்னிசலோன் 30 மி.கி. தொடங்கினோம். முதல் இரண்டு மாதம் வாரா வாரம் வரச்சொன்னேன். காய்ச்சல், வயிற்று உப்புசம், இருமல் எது வந்தாலும் நடுராத்திரி ஆனாலும் கூப்பிடச் சொல்லி மகனிடம் நம்பர் கொடுத்தேன். ஒருமுறை சளி பிடித்தது; சளியை மைக்ராஸ்கோப்பில் வைத்து நானே பார்த்தேன். ஒன்றும் நெளியவில்லை.

சிகிச்சை வேலை செய்ததா என்று பார்ப்பதற்கும் ஆன்டிபாடிதான் உதவியது. இது பாசிட்டிவா நெகட்டிவா என்று பார்க்கும் விஷயமல்ல; அளவு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. வருடத்துக்குள் ஆரம்ப அளவில் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் புழு ஒழிந்ததாகக் கொள்வது வழக்கம். அதே ஆய்வகம், அதே கிட் என்று பார்த்துக்கொண்டோம்; முதல் சீரத்தில் கொஞ்சத்தை உறைய வைக்கச் சொல்லியிருந்தேன், கடைசியில் இரண்டையும் ஒரே தட்டில் ஓட்டினார்கள். ஆறாம் மாதம் 2.4. பன்னிரண்டாம் மாதம் 1.5, பழைய சீரம் அன்றும் 3.7 காட்டியது. ஸ்டீராய்டும் ஆன்டிபாடியைக் கொஞ்சம் குறைக்கும்தான். ஆனாலும் இவ்வளவு இறக்கத்தை அதன் கணக்கில் முழுதாக எழுத மாட்டேன். 1.5 இன்னும் கிட்டின் கோட்டுக்கு மேலேதான். "பாசிட்டிவ்" என்று அச்சடித்த தாளைப் பார்த்து மகன் பதறி வந்தார். புழு போனபின்னும் ஆன்டிபாடி வருடக்கணக்கில் தங்கும், எண் இறங்குவதுதான் முக்கியம் என்று தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபின்தான் அமைதியானார்.

அந்த மகனுக்கும் சோதித்தோம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. பதினேழு வயது வரை இதே வரப்பில் செருப்பில்லாமல் ஓடியவர். 1.2 வந்தது. கோட்டை ஒட்டி நிற்கும் எண். ஈசினோஃபில் சரி, தொந்தரவு எதுவும் இல்லை. புழு இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஒரு வேளை ஐவர்மெக்டின் கொடுத்தேன். பாதுகாப்பான மருந்து, ஒரே ஒரு நாள். நாளைக்கு அவருக்கே ஏதோ ஒரு நோய்க்கு யாரோ ஒருவர் ஸ்டீராய்டு எழுதுவார், அன்றைக்கு இந்த 1.2-ஐ யாரும் தேடப் போவதில்லை. சில சக மருத்துவர்கள் இது தேவையற்ற மருந்து என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்த அம்மாவுக்கு இப்போது பிரெட்னிசலோன் 5 மி.கி.தான். தோலில் பழைய தழும்புகள் மட்டும். மஞ்சள் வெட்டுக்குப் போக வேண்டாம் என்றால் கேட்க மாட்டார். ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார் மகன். சேற்றில் அது கழன்று கழன்று வருகிறது என்று குறை.

போன வாரம் வரும்போது கணவரின் அக்காவையும் கூட்டி வந்திருந்தார். எழுபது வயது. இவரோடு ஒரே வரப்பில் முப்பது வருடம் நடவு நட்டவர். மூட்டு வீக்கத்துக்கு அடுத்த மாதம் ஸ்டீராய்டு தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

"எங்க நங்கையாளுக்கும் அந்தக் கோடு ஓடுமுங்க அம்மிணி. அதான் மொதல்லயே கூட்டிட்டு வந்துட்டேன்."

அவருக்கு ஈசினோஃபில் 1,300. சீரம் நேற்று அனுப்பியாயிற்று. முடிவு வர ஐந்து நாள் ஆகும்.